சிவப்பு இண்டிகேட்டர், எரியாத பிரேக் லைட், படபடக்கும் எல்இடி: இதற்கெல்லாம் சட்டம் என்ன சொல்கிறது?

சாலைவாசி:
ரொம்ப நாளாக மனதில் இருக்கும் மூன்று கேள்விகளை ஒரே இடத்தில் போடுகிறேன், தெரிந்தவர்கள் விதிமுறை எண்ணோடு பதில் சொன்னால் உதவியாக இருக்கும். ஒன்று, சில வண்டிகளில் பின்பக்க இண்டிகேட்டரும் பிரேக் லைட்டும் ஒரே சிவப்பு. தூரத்திலிருந்து பார்க்கும்போது ஆள் பிரேக் பிடிக்கிறாரா திரும்புகிறாரா என்று முதல் நொடியில் தெரிவதில்லை. இதை எந்தச் சட்டம் அனுமதிக்கிறது? இரண்டு, மின்சார வண்டிகள் பெடலை விட்டதுமே நன்றாக வேகம் குறைகின்றன, பிரேக் லைட் சில சமயம் எரிகிறது, சில சமயம் எரிவதில்லை, அதற்கு ஏதாவது கணக்கு இருக்கிறதா? மூன்று, கடையில் வாங்கி மாட்டும் எல்இடி பல்புகள், அதிலும் பிரேக் பிடித்தால் படபடவென்று மின்னுகிற வகை. இது பாதுகாப்பா, குற்றமா?

பின்னால் வருகிறவருக்கு நாம் சொல்வதற்கு இருக்கிற ஒரே வழி இந்த விளக்குகள்தான். அதில் குழப்பம் இருக்கவே கூடாது என்பது என் எண்ணம்.

விளக்கியல்:
மூன்றுமே நல்ல கேள்விகள். முதல் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலகத்தில் வண்டி விளக்குகளுக்குப் பெரிய சட்டக் குடும்பங்கள் இரண்டு. ஒன்று ஐ.நா. விதிமுறைகள், 1958 ஒப்பந்தத்தின் கீழ் வருபவை. ஐரோப்பா முழுவதும், ஜப்பான், இன்னும் பல நாடுகள் இதில் இருக்கின்றன. ஆஸ்திரேலியா, இந்தியா போன்றவை தங்கள் சொந்த விதிகளை இவற்றை ஒட்டியே எழுதியிருக்கின்றன. இந்தியாவின் ஏஐஎஸ் 008 என்ற தரநிலையைப் படித்தால் ஐ.நா. 48ஆம் விதிமுறையின் சாயல் நன்றாகவே தெரியும். இன்னொன்று அமெரிக்காவின் எஃப்எம்விஎஸ்எஸ் 108 என்ற வாகனப் பாதுகாப்புத் தரநிலை, கனடாவின் விதியும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

ஐ.நா. பக்கத்தில் 48ஆம் எண் விளக்குகளை வண்டியில் எங்கே, எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் தெரியும்படி பொருத்த வேண்டும் என்று சொல்கிறது. இண்டிகேட்டர் விளக்கு எப்படி இருக்க வேண்டும் என்பது 6ஆம் எண், பிரேக் லைட்டும் டெயில் லைட்டும் 7ஆம் எண். இப்போது இந்த இரண்டையும் வேறு சிலவற்றையும் சேர்த்து 148 என்று ஒரே விதிமுறையாக ஆக்கிவிட்டார்கள். இங்கே இண்டிகேட்டர் என்றால் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஆம்பர், அதாவது ஆரஞ்சு கலந்த மஞ்சள், மட்டும்தான். சிவப்புக்கு இடமே இல்லை.

அமெரிக்க விதியில் பின்பக்க இண்டிகேட்டர் சிவப்பாகவும் இருக்கலாம், ஆம்பராகவும் இருக்கலாம், உற்பத்தியாளர் விருப்பம். பிரேக் லைட்டையும் இண்டிகேட்டரையும் ஒரே பல்பில் வைத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. அப்படி வைத்தால் இண்டிகேட்டர் மின்னுகிற பக்கத்தில் பிரேக் சிக்னல் எரியக்கூடாது என்றும் அதே விதி சொல்கிறது, ஏனென்றால் இரண்டும் ஒரே நேரத்தில் எரிந்தால் மின்னுவதே தெரியாமல் போய்விடும். அதாவது நீங்கள் பிரேக்கை மிதித்துக்கொண்டே வலது பக்கம் திரும்பினால் இடது பக்கம் நிலையாக எரியும், வலது பக்கம் மின்னும், நடுவில் மேலே இருக்கும் மூன்றாவது விளக்கு நிலையாக எரியும். நீங்கள் பார்த்தது அந்தச் சந்தைக்காகத் தயாரான வண்டியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நேர்க்கோடு:
ஆனால் அமெரிக்காவில் கோடிக்கணக்கான வண்டிகள் பல பத்து வருடங்களாக இப்படித்தான் ஓடுகின்றன. அங்கே இருப்பவர்கள் பழகிவிட்டார்கள். மின்னினால் திரும்புகிறார், நிலையாக எரிந்தால் பிரேக் என்று எளிதாகவே புரியுமே. நிறத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் தேவையா என்று எனக்குச் சந்தேகம்.

விளக்கியல்:
நியாயமான சந்தேகம்தான், ஆனால் அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமே 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாடல் வண்டியில் சிவப்பிலிருந்து ஆம்பருக்கு மாறியபோது, முன்வண்டி திரும்புவது, தடம் மாறுவது போன்ற சூழல்களில் பின்னால் வந்து இடிக்கும் விபத்து சுமார் 5.3 சதவீதம் குறைந்ததாகக் கண்டார்கள். இத்தனைக்கும் ஆம்பர் வைப்பதற்குப் பெரிய செலவோ புதுத் தொழில்நுட்பமோ கிடையாது.

இதோடு ஒப்பிட, நடுவில் இருக்கும் மூன்றாவது பிரேக் லைட்டைப் பாருங்கள். 1974இல் சான் பிரான்சிஸ்கோவில் வோவோட்ஸ்கி என்ற உளவியல் ஆய்வாளர் 343 டாக்சிகளில் அப்படி ஒரு விளக்கைப் பொருத்தி, பொருத்தாத டாக்சிகளோடு ஒப்பிட்டார். பின்னால் இடிபடுவது 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. அதன் பிறகு மேலும் சோதனைகள் நடந்து, 1986 மாடல் கார்களிலிருந்து அமெரிக்காவில் அது கட்டாயமானது, சிறிய லாரிகளுக்கு 1994 மாடலிலிருந்து. எல்லா வண்டியிலும் வந்து எல்லோரும் பழகிய பிறகு கிடைத்த நீண்டகாலப் பலன் சுமார் 4.3 சதவீதம் என்று 1998 மதிப்பீடு சொல்கிறது. 60 எங்கே 4.3 எங்கே என்று கேட்கலாம். புதிதாக இருக்கும்வரை கண்ணை இழுக்கும், பழகியதும் இழுப்பு குறையும். குறைந்த பிறகும் அந்த 4.3 நிற்கிறது, அதனால்தான் அந்த விளக்கு இன்றும் கட்டாயம். ஆம்பர் இண்டிகேட்டரின் பலன் அதே அளவுக்கு இருக்கும்போது அதை மட்டும் விருப்பத்துக்கு விட்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பழகிவிடும் என்ற வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. மின்னுகிறதா நிலையாக எரிகிறதா என்று தெரிய ஒரு சுற்றாவது பார்த்தாக வேண்டும். நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை என்பதுதான் இரண்டு குடும்பத்திலும் இண்டிகேட்டரின் வேகம், அப்படியானால் ஒரு சுற்றுக்கு அரை நொடி முதல் ஒரு நொடி வரை ஆகும். நிறம் வேறாக இருந்தால் இந்தக் காத்திருப்பே வேண்டாம். 100 கி.மீ. வேகத்தில் அரை நொடிக்குள் கிட்டத்தட்ட 14 மீட்டர் போய்விடுகிறோம்.

கம்பிவேலை:
வண்டி வயரிங் என் தொழில். விளக்கியல் சார் சொன்னதோடு பட்டறைப் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். நிறம் ஒன்றாக இருக்கும் வண்டியில் ஒரு பல்பு போனால்தான் விஷயம் மோசமாகும். இரண்டு வேலைக்கும் ஒரே இழை, அது போனால் பிரேக்கும் போச்சு, இண்டிகேட்டரும் போச்சு. எதிர்ப்பக்கம் மட்டும் எரிவதைப் பார்த்து அவர் அந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பின்னால் வருபவர் நினைக்க முழு வாய்ப்பும் இருக்கிறது. தனித்தனியாக இருந்தால் ஒன்று போனாலும் இன்னொன்று பேசும்.

அப்புறம் எர்த் பிரச்சினை. ஹோல்டரில் எர்த் கம்பி துருப்பிடித்துத் தொடர்பு விட்டால், கரண்ட் வேறு வழி தேடி டெயில் லைட் இழை வழியாகத் திரும்பிப் போகும். இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து மங்கலாக மின்னும், பிரேக்கை மிதித்தால் சம்பந்தமே இல்லாத பல்பு லேசாக எரியும். இப்படி வரும் வண்டிகளில் நிறைய பேர் பல்பை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், முதலில் எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து பாருங்கள்.

இன்னொன்று பல்பு வகை. டெயில், பிரேக் இரண்டுக்கும் சேர்த்து வரும் பல்பில் 5 வாட், 21 வாட் என்று இரண்டு இழை. அதன் பக்கவாட்டு முள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது, தலைகீழாகப் போடக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். அதை அழுத்தித் திருகித் தப்பாகச் சொருகினால் விளக்கு எப்போதும் 21 வாட்டில் எரியும், பிரேக்கை மிதித்தால் வெளிச்சம் கூடுவதற்குப் பதில் வித்தியாசமே தெரியாது. ஆம்பர் பல்புக்கும் முள் வேறு கோணத்தில் இருக்கும், வெள்ளை பல்பை ஆம்பர் ஹோல்டரில் போடாமல் இருப்பதற்காக. முள் உட்காரவில்லை என்றால் பல்பு தவறு, ஹோல்டர் தவறல்ல.

சாலைவாசி:
இது எனக்குத் தெரியவே தெரியாது, நன்றி. டெயில் லைட்டுக்கும் பிரேக்குக்கும் எவ்வளவு வித்தியாசம் இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறதா?

விளக்கியல்:
இருக்கிறது. இரண்டும் ஒரே விளக்குக்குள் இருந்தால், டெயில் லைட் தனியாக எரியும்போது இருப்பதைப் போலக் குறைந்தது 5 மடங்கு வெளிச்சம் பிரேக் பிடிக்கும்போது வர வேண்டும், விளக்கின் நடுப்பகுதியில் அளக்கும்போது. அமெரிக்கா, ஐ.நா. இரண்டிலும் இந்த 5:1 உண்டு. அளவாகச் சொன்னால், ஐ.நா. விதியில் ஒரு சாதாரண பிரேக் லைட் நேர்ப்பார்வையில் குறைந்தது 60 கேண்டெலா (ஒளியின் செறிவை அளக்கும் அலகு), டெயில் லைட் குறைந்தது 4. அமெரிக்காவில் ஒற்றை அறை விளக்குக்கு, அதாவது ஒரே ஒளிப்பகுதி உள்ளதற்கு, பிரேக் குறைந்தது 80, டெயில் குறைந்தது 2. நடு விளக்குக்கு இரண்டு குடும்பத்திலும் 25தான் குறைந்தபட்சம், அது உயரத்தில் இருப்பதால் போதும் என்று வைத்திருக்கிறார்கள்.

இதில் பலர் கவனிக்காதது மேல் வரம்பு. அமெரிக்காவில் ஒற்றை அறை பிரேக் லைட் 300 கேண்டெலாவைத் தாண்டக்கூடாது. அதிக வெளிச்சம் என்றால் அதிகப் பாதுகாப்பு என்று கடைக்காரர்கள் சொல்வார்கள், அது உண்மையில்லை. சிக்னலில் நிற்கும்போது பின்னால் நிற்பவரின் கண் கூசினால், அடுத்ததாக உங்கள் இண்டிகேட்டரைப் பார்க்கவே அவருக்குச் சிரமம். அதேபோல ஸ்மோக் லென்ஸ், கறுப்பு ஃபிலிம் ஒட்டுவது கீழ் வரம்பை உடைக்கிறது. பகல் வெயிலில் அந்த விளக்கு எரிகிறதா இல்லையா என்றே தெரியாது, ஒட்டியவர் இரவில் மட்டும் பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்வார். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. வெறும் அழகுக்காக, பின்னால் வருகிற முகம் தெரியாத ஒருவரின் நேரத்தைத் திருடுகிறோம்.

மின்வண்டி:
இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன், நான் மின்சாரக் கார் ஓட்டுபவன், இதைத் தேடிப் படித்திருக்கிறேன்.

பெட்ரோல் வண்டியில் பிரேக் லைட் என்பது பெடலில் இருக்கும் ஸ்விட்ச். மிதித்தால் எரியும், அவ்வளவுதான். மின்சார வண்டியில் ஆக்சிலரேட்டரை விட்டாலே மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கிறது, பிரேக் பெடலைத் தொடவே இல்லை. அதனால் ஐ.நா.வின் 13-எச் விதிமுறையில், அது கார்களின் பிரேக்குக்கான விதி, இப்படி ஒரு கணக்கு வைத்தார்கள்: வேகம் குறையும் விகிதம் 0.7 மீ/வி² வரை இருந்தால் பிரேக் லைட் எரியக்கூடாது, 0.7க்கு மேல் 1.3 வரை என்றால் எரியலாம், எரியாமலும் இருக்கலாம், 1.3ஐத் தாண்டினால் எரிந்தே ஆக வேண்டும்.

எண் புரியவில்லை என்றால் இப்படி யோசியுங்கள்: 1.3 என்பது 5 நொடியில் சுமார் 23 கி.மீ. வேகம் குறைவது. 0.7 என்பது அதே 5 நொடியில் 12, 13 கி.மீ. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பகுதியில் ஒரு கம்பெனி எரிய வைக்கும், இன்னொரு கம்பெனி வைக்காது, இரண்டும் சட்டப்படி சரி. சாலைவாசி அவர்கள் சில சமயம் எரிகிறது சில சமயம் இல்லை என்று பார்த்தது இதுவாகத்தான் இருக்கும்.

சாலைவாசி:
எரியக்கூடாது என்று ஏன் ஒரு தடை? கொஞ்சம் கூடுதலாக எரிந்தால் என்ன நஷ்டம்?

மின்வண்டி:
நகரத்துக்குள் ஓட்டிப் பாருங்கள், பெடலை லேசாக விடும்போதெல்லாம் எரிந்தால் பிரேக் லைட் நிமிடத்துக்குப் பல முறை எரிந்து அணையும். பின்னால் வருபவர் கொஞ்ச நேரத்தில் அதை மதிப்பதையே விட்டுவிடுவார். கியர் வண்டியில் இஞ்சின் பிரேக்கிங்குக்கு யாரும் விளக்கு கேட்டதில்லை, 0.7 கிட்டத்தட்ட அந்த அளவுதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பழைய வாசகம் ஆக்சிலரேட்டரை விடுவதைப் பற்றிப் பேசியது. சில மாடல்களில் அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார்கள். பெடலில் கால் துளி பட்டுக்கொண்டிருந்தாலும் பிரேக் லைட் எரியாது, ஆனால் வண்டி நன்றாகவே வேகம் குறைந்துகொண்டிருக்கும். ஒற்றைப் பெடலில் ஓட்டிப் பழகியவர் காலை முழுவதும் எடுக்கவே மாட்டாரே, கடைசி மீட்டர் வரை காலால் அளந்துதானே நிறுத்துவார். அப்படி ஓட்டினால் கிட்டத்தட்ட நிற்கும்வரை பின்னால் ஒரு அறிகுறியும் இல்லை. இதைப் பலர் வீடியோ எடுத்துக் காட்டி, பத்திரிகைகளும் எழுதி, பிறகுதான் மென்பொருளில் மாற்றினார்கள். பெடல் எங்கே இருக்கிறது என்பதை விட்டுவிட்டு வண்டி எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதை வைத்து விளக்கை எரிய வைப்பதுதான் சரியான வழி. பின்னால் வருபவருக்கு என் கால் எங்கே இருக்கிறது என்பது தேவையே இல்லை.

நேர்க்கோடு:
அமெரிக்காவில் இதற்கு என்ன எண்?

விளக்கியல்:
எண் கிடையாது. சர்வீஸ் பிரேக்கை, அதாவது ஓட்டும்போது வழக்கமாகப் பிடிக்கும் பிரேக்கை, பயன்படுத்தினால் பிரேக் லைட் எரிய வேண்டும், வண்டியின் வேகத்தைக் குறைப்பதற்காக அமைந்த வேறு சாதனத்தாலும் எரியலாம் என்று விதி சொல்கிறது. அந்த "எரியலாம்" என்பதற்குள்தான் ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங் (மோட்டார் ஜெனரேட்டராக மாறி வேகத்தைக் குறைப்பது) முழுவதும் அடங்கிவிடுகிறது. நல்ல கம்பெனிகள் தாங்களாகவே ஐ.நா. கணக்கை வைத்துக்கொள்கின்றன, ஒரே மென்பொருளை எல்லா நாட்டுக்கும் அனுப்புவது அவர்களுக்கும் எளிது.

ஒரு அடிப்படை வித்தியாசமும் இருக்கிறது, நேர்க்கோடு. ஐ.நா. முறையில் விளக்கைச் சந்தைக்கு அனுப்பும் முன் அங்கீகரித்த சோதனைக்கூடம் பார்த்த பிறகு அரசு ஒப்புதல் எண் தரும். அமெரிக்காவில் உற்பத்தியாளரே என் பொருள் விதிக்கு உட்பட்டது என்று தானே சான்று கொடுக்கிறார், பிறகு அரசு சந்தையிலிருந்து எடுத்துச் சோதித்துத் தவறு இருந்தால் திரும்பப் பெறச் சொல்லும்.

இருசக்கரம்:
பைக்காரர்களை யாரும் நினைக்கவில்லையே என்று உள்ளே வந்தேன். இஞ்சின் பிரேக்கிங்கைப் பற்றிச் சொன்னீர்கள், கனமான இஞ்சின் பைக்கில் கியரைக் குறைத்தால் வண்டி சட்டென்று பிடித்து நிற்பது போல வேகம் குறையும், பின்னால் ஒரு விளக்கும் எரியாது. கியர் குறைக்கும்போது பின் பிரேக்கை லேசாகத் தொட்டு விளக்கை எரிய வைப்பதைப் பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் இரண்டு பிரேக்குக்கும் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். முன் பிரேக் நெம்புகோலில் இருக்கும் சின்ன ஸ்விட்ச் போய்விட்டால் யாருக்கும் தெரிவதே இல்லை, பின் பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டு எரிகிறது என்று போய்விடுவார்கள்.

இன்னொன்று குட்டி இண்டிகேட்டர் மோகம். ஐ.நா. 53ஆம் விதிமுறையில் இரண்டு பின் இண்டிகேட்டருக்கும் நடுவில் குறைந்தது 180 மி.மீ., முன்னால் 240 மி.மீ. இடைவெளி வேண்டும். அமெரிக்காவில் மையத்திலிருந்து மையத்துக்குப் பின்னால் 9 அங்குலம், முன்னால் 16 அங்குலம். காரணம் சாதாரணமானது: இரவில் இரண்டும் நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் எந்தப் பக்கம் மின்னுகிறது என்று தெரியாது, ஏதோ ஒன்று மின்னுகிறது என்று மட்டும்தான் தெரியும். பின் மட்கார்டைக் கழற்றிவிட்டு நகம் அளவு விளக்கை ஒட்டுகிறவர்கள் தங்கள் முதுகைத்தான் பணயம் வைக்கிறார்கள்.

படபடக்கும் பிரேக் லைட் பற்றியும் யாராவது சொல்லுங்கள், பைக்கில் அது இப்போது ரொம்பப் பரவியிருக்கிறது.

விளக்கியல்:
அதைச் சொல்கிறேன். சாதாரண பிரேக் பிடிக்கும்போதெல்லாம் மின்னும் விளக்கு இரண்டு குடும்பத்திலும் சட்டத்துக்குப் புறம்பானது. அமெரிக்க விதியில் பிரேக் லைட் நிலையாக எரிய வேண்டும் என்று நேராகவே எழுதியிருக்கிறது.

ஐ.நா. விதியில் ஒரே ஒரு விதிவிலக்கு, அவசர நிறுத்த சிக்னல். வண்டி 50 கி.மீ. வேகத்துக்கு மேல் போய்க்கொண்டிருக்க வேண்டும், கடுமையாகப் பிரேக் பிடித்திருக்க வேண்டும். காருக்கு 6 மீ/வி²க்கும், பஸ், லாரி போன்ற கனரக வண்டிக்கு 4க்கும் குறையாத வீழ்ச்சி என்பது அளவு. அப்போது பிரேக் லைட்டோ இண்டிகேட்டர்களோ எல்லாம் சேர்ந்து நொடிக்கு 3 முதல் 5 முறை மின்னலாம். சாதாரண இண்டிகேட்டர் நொடிக்கு அதிகபட்சம் 2 முறைதான், அதைப் பாருங்கள். அந்த இடைவெளியை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள், அவசரத்தையும் திரும்புவதையும் கண் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று.

6 மீ/வி² என்பது சாதாரணமாக யாரும் பிடிக்காத பிரேக். அது அபூர்வமாக வருவதால்தான் அதற்கு மதிப்பு. ஒவ்வொரு முறையும் மின்னுகிற பல்பு அந்த மதிப்பை எல்லோருக்கும் சேர்த்துக் கெடுக்கிறது. நாளைக்கு உண்மையான அவசர சிக்னல் முன்னால் மின்னும்போது, இதுவும் கடையில் வாங்கிய பல்புதான் என்று நினைத்துப் பின்னால் வருபவர் காலைத் தாமதமாக எடுப்பார்.

புதியவன்:
நான் காரில் நாலு இண்டிகேட்டரையும் எல்இடியாக மாற்றினேன், இப்போது இரண்டு மடங்கு வேகத்தில் மின்னுகிறது. ரெசிஸ்டர் போடச் சொல்கிறார்கள். போட்டால் சட்டப்படி சரியாகிவிடுமா?

கம்பிவேலை:
தம்பி, முதலில் ஏன் வேகமாக மின்னுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். இண்டிகேட்டர் பல்பு போனால் ஓட்டுநருக்குத் தெரிய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பழைய ஃபிளாஷர், அதாவது இண்டிகேட்டரை மின்ன வைக்கும் ரிலே, இழுக்கும் கரண்டைப் பார்த்தே வேலை செய்யும், 21 வாட் பல்பு ஒன்று போனால் கரண்ட் குறைந்து வேகம் மாறும். புதிய வண்டிகளில் கம்ப்யூட்டர் அதையே மென்பொருளில் செய்கிறது. எல்இடி இரண்டு மூன்று வாட்தான் எடுக்கும், அதனால் வண்டி பல்பு போய்விட்டது என்று நினைக்கிறது. வேகம் 120ஐத் தாண்டினால் நீங்கள் விதியை மீறிவிட்டீர்கள்.

ரெசிஸ்டர் போட்டால் வேகம் சரியாகும். ஆனால் எல்இடி உண்மையிலேயே செத்துப்போனாலும் ரெசிஸ்டர் கரண்டை இழுத்துக்கொண்டே இருக்கும், பல்பு போனது உங்களுக்கு ஒருநாளும் தெரியாது. வழக்கமாக விற்கிற 6 ஓம் ரெசிஸ்டர் எரியும் நேரத்தில் 30 வாட் சூடு விடும். ஹசார்டை, அதாவது நாலு இண்டிகேட்டரையும் சேர்த்து, போட்டுவிட்டு வண்டியை நிறுத்தினால் தொட முடியாத அளவுக்குச் சுடும், அதைப் பிளாஸ்டிக்கில் ஒட்டிவைத்து விளக்குக் கூடே உருகியதைப் பார்த்திருக்கிறேன். போட்டே ஆக வேண்டும் என்றால் உலோகத்தில் திருகி வையுங்கள், வயரிலிருந்து தள்ளி.

சட்டப்படி சரியா என்றால், பெரும்பாலும் இல்லை. விளக்கு, லென்ஸ், பிரதிபலிப்பான், பல்பு எல்லாம் சேர்த்துத்தான் ஒப்புதல். இழை பல்புக்காக வளைத்த கிண்ணத்தில் எல்இடியை வைத்தால் வெளிச்சம் வேறு இடத்தில் விழும், நேராகப் பார்த்தால் பளிச்சென்று இருக்கும், 45 டிகிரி பக்கத்திலிருந்து பார்த்தால் இருட்டு.

விளக்கியல்:
கம்பிவேலை சொன்னது நூற்றுக்கு நூறு. ஐ.நா. விதியில் இண்டிகேட்டர் வெளிப்பக்கம் 80 டிகிரி, உள்பக்கம் 45 டிகிரி வரை தெரிய வேண்டும். பக்கத்துத் தடத்தில் கொஞ்சம் பின்னால் வரும் பைக்காரருக்கு அந்த 80 டிகிரிதான் உயிர், நேர் பின்னால் இருப்பவருக்கு அல்ல.

எல்இடியே கெட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கம்பெனியிலேயே எல்இடியாக வடிவமைத்த விளக்கு மிக நல்லது, இழை சூடாகிப் பளிச்சென்று எரிய சுமார் 0.2 நொடி ஆகும், எல்இடிக்கு அந்தத் தாமதம் இல்லை. 100 கி.மீ. வேகத்தில் அந்த 0.2 நொடி ஐந்தரை மீட்டர், ஒரு காரின் நீளத்தைவிட அதிகம்.

நேர்க்கோடு:
நிறத்தைப் பற்றி இனி வாதாட மாட்டேன், காத்திருப்புக் கணக்கு எனக்குப் போதும். ஆனால் சட்டத்தை முழுதாக நம்புவதிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. இப்போது வரும் சில வண்டிகளில் இண்டிகேட்டர் பம்பரின் அடியில் இருக்கிறது, மேலே பெரிய அழகான டெயில் லைட் பட்டை, அதில் ஒன்றுமே மின்னாது. நெரிசலில் பக்கத்தில் நிற்கும்போது கண்ணுக்கே தெரியாது. இது எப்படி ஒப்புதல் வாங்கியது?

விளக்கியல்:
குறைந்தபட்ச உயரம் 350 மி.மீ., அமெரிக்காவில் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. அதற்கு மேல், அதிகபட்ச உயரத்துக்குள் எங்கே வைத்தாலும் தேர்ச்சி. விதியை எழுதியவர்கள் நெரிசலில் ஒட்டி நிற்கும் உயரமான வண்டிகளை மனதில் வைத்ததாகத் தெரியவில்லை. பின்கதவில் விளக்கு வைத்தால் கதவு திறந்திருக்கும்போதும் விளக்கு தெரிய வேண்டும் என்று விதி இருப்பதால், சிலர் மேலே ஒன்று கீழே ஒன்று வைப்பதைத் தவிர்த்துக் கீழேயே வைத்துவிடுகிறார்கள். வடிவமைப்பாளருக்கு மேலே இடம் மிச்சம். நீங்கள் சொல்வது முழு உண்மை: சட்டம் விளக்கை அளக்கிறது, புரிகிறதா என்று அளப்பதில்லை. இதில் உயரத்தை மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, இண்டிகேட்டர் பிரேக் லைட்டுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், பின்னால் வருபவரின் கண் அங்கேதான் இருக்கிறது.

முன்பக்கத்தில் இப்படி யோசித்திருக்கிறார்கள், அதனால் பின்பக்கமும் முடியும். முன் இண்டிகேட்டர் ஹெட்லைட்டுக்கு நெருங்க நெருங்க வெளிச்சம் கூட வேண்டும்: 40 மி.மீ.க்கு மேல் தள்ளி இருந்தால் 175 கேண்டெலா போதும், 20க்கும் 40க்கும் நடுவில் 250, 20க்கும் குறைவு என்றால் 400. ஹெட்லைட்டின் ஒளியில் இண்டிகேட்டர் மூழ்கிவிடும் என்பதால். பின்னாலும் மூடுபனி விளக்குக்கும் பிரேக் லைட்டுக்கும் நடுவில் 100 மி.மீ. இருக்க வேண்டும் என்று உண்டு, அது எரிந்துகொண்டிருந்தால் பிரேக் பிடிப்பது தெரியாது என்பதால்தான். மழை நின்ற பிறகும் அதை அணைக்காமல் ஓட்டுபவர்கள் தயவுசெய்து அணையுங்கள்.

சாலைவாசி:
மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. கடைசியாக ஒன்று. மாற்று விளக்கு வாங்கும்போது ஒப்புதல் உள்ளதா என்று எப்படிப் பார்ப்பது? அப்புறம், தனியாக இருக்கும்போது என் பிரேக் லைட்டை நானே எப்படிச் சோதிப்பது?

கம்பிவேலை:
லென்ஸில் வட்டத்துக்குள் ஆங்கில இ எழுத்தும் ஒரு எண்ணும் அச்சாகியிருக்கும், அது ஒப்புதல் கொடுத்த நாடு: 1 ஜெர்மனி, 4 நெதர்லாந்து, 11 பிரிட்டன். பக்கத்தில் எஸ்1 என்றால் பிரேக், எஸ்3 என்றால் நடு பிரேக், 2ஏ என்றால் பின் இண்டிகேட்டர், ஆர்1 என்றால் டெயில். பைக் இண்டிகேட்டரில் முன்னால் 11, பின்னால் 12. வட்டம் இருந்து பக்கத்தில் இந்தக் குறிகள் ஒன்றுமே இல்லை என்றால் வாங்காதீர்கள், வட்டத்தை மட்டும் போலியாக அச்சடிப்பது எளிது.

சோதிப்பதற்கு, இருட்டிய பிறகு வண்டியின் பின்பக்கம் சுவரைப் பார்க்க நிறுத்துங்கள். டெயில் லைட்டைப் போட்டுவிட்டுப் பிரேக்கை மிதியுங்கள், கண்ணாடியில் சுவரைப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே அளவுக்குச் சிவப்பு தெளிவாகக் கூட வேண்டும். பிறகு பிரேக்கை விடாமல் இடது இண்டிகேட்டர், வலது இண்டிகேட்டர், ஹசார்ட் என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். பிரேக் வெளிச்சம் இண்டிகேட்டரோடு சேர்ந்து துடித்தால் எர்த் போயிருக்கிறது, பல்பை மாற்றாமல் முதலில் அதைப் பாருங்கள். நடு விளக்கு கண்ணாடியில் தெரியாது, அதற்குப் பின் கண்ணாடியின் மேல் விளிம்பில் விழும் சிவப்பைப் பாருங்கள், அல்லது போனை பின்னால் நிறுத்தி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.